கடல் கடக்கும் ஓய்வூதியம்: புலம்பெயர்ந்த தமிழரின் முதுமைக்கால வதிவிடமும் தகுதியும்

1. ஆய்வின் களம்

1983 ஆடிக் கலவரத்தின் பின் இருபத்தைந்து வயதில் ஊரை விட்டுப் புறப்பட்டவர்கள் இப்போது அறுபத்தைந்தைக் கடந்துவிட்டார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் சூரிச்சிலும் தொழிற்சாலை, உணவகம், பராமரிப்பு நிலையம், அலுவலகம் என்று உழைத்து ஓய்ந்த முதல் தலைமுறை அது. எஞ்சிய காலத்தை யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சென்னையிலோ திருச்சியிலோ கழிக்க வேண்டும் என்ற ஆசை அவர்களில் பலருக்கு உண்டு. குளிர், தனிமை, பிள்ளைகளின் ஓயாத வேலை, வீட்டுச் செலவு எனக் காரணங்கள் பல. காணி விலையும் வீடு கட்டும் செலவும் மாதக்கணக்கில் பேசப்படுகின்றன. ஓய்வூதியச் சட்டம் பெரும்பாலும் கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. சிலருக்கு விமானம் ஏறிய பிறகு.

"நான் அங்கே போய் இருந்தால் பென்சன் வருமா?" என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஓர் ஓய்வூதியம் எந்த அடிப்படையில் வழங்கப்பட்டதோ, அந்த அடிப்படைதான் அது கடல் கடக்குமா என்பதையும் தீர்மானிக்கிறது. குடியுரிமை கையில் இருந்தால் எல்லாம் தொடரும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அது தவறு. பெரிதும் ஆபத்தான தவறும்கூட.

இங்கே கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளின் அரச ஓய்வூதியங்கள் மட்டுமே ஆராயப்படுகின்றன; ஜேர்மனி ஒப்பீட்டுக்காக மட்டும் வருகிறது. நிறுவன ஓய்வூதியமும் சொந்தச் சேமிப்பும் உரியவரின் சொத்து. எந்த நாட்டில் இருந்தாலும் அவை அவருடையவை; வரி மட்டும் மாறும். தரப்படும் விதிகள் 2025ஆம் ஆண்டு நிலவரப்படியானவை.

2. தகுதியின் மூன்று அடித்தளங்கள்

முதலாவது பங்களிப்பு. சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்கப்பட்டது, அதற்கு ஈடாக ஓய்வூதியம் கிடைக்கிறது. கனடா ஓய்வூதியத் திட்டம் (சிபிபி), பிரித்தானியாவின் தேசியக் காப்புறுதி, சுவிற்சர்லாந்தின் முதுமைக் காப்புறுதி ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது வசிப்பு. வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட ஆண்டுகள் அந்த நாட்டில் வாழ்ந்ததற்காகக் கிடைப்பது. கனடாவின் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மூன்றாவது தேவை. வருமானமும் சொத்தும் குறைவாக இருப்பதால் அரசு தரும் உதவி. கனடாவின் உத்தரவாத வருமான உதவி (ஜிஐஎஸ்), பிரித்தானியாவின் பென்ஷன் கிரெடிட் ஆகியவை இந்த வகை. அவுஸ்திரேலியாவின் முதியோர் ஓய்வூதியம் வசிப்பையும் தேவையையும் ஒன்றாகப் பார்க்கிறது.

பங்களிப்பின் பேரில் வருவது பொதுவாக எங்கும் பின்தொடரும். வசிப்பின் பேரில் வருவது நிபந்தனையோடு தொடரும். தேவையின் பேரில் வருவது எல்லையிலேயே நின்றுவிடும். ஆனால் இந்த விதியை மீறும் இரண்டு முக்கியமான இடங்கள் உண்டு: பிரித்தானியாவும் சுவிற்சர்லாந்தும். சந்தா செலுத்தியவரையே அவை வதிவிடத்தை வைத்தும் குடியுரிமையை வைத்தும் பிரித்துப் பார்க்கின்றன.

3. கனடா: ஆண்டுகளின் கணக்கு

3.1 நாற்பதில் எத்தனை பங்கு

நம்மவர் "ஓல்ட் ஏஜ் பென்சன்" என்று சொல்லும் முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியம் 1952 ஜனவரியில் எழுபது வயதினருக்கென்று தொடங்கியது. வயது எல்லை 1966 தொடக்கம் படிப்படியாகக் குறைந்து 1970இல் அறுபத்தைந்தானது. 1977 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் இன்றைய கணக்கின் அடிப்படை. பதினெட்டு வயதுக்குப் பின் கனடாவில் வசித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் முழு ஓய்வூதியத்தில் நாற்பதில் ஒரு பங்கு. நாற்பது ஆண்டு வசித்தவருக்கு முழுத் தொகை. நாட்டுக்குள் இருந்து பெறுவதற்குக் குறைந்தது 10 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். நாட்டுக்கு வெளியே காலவரையின்றிப் பெறுவதற்குக் குறைந்தது 20 ஆண்டுகள்.

இருபது ஆண்டுகள் நிறையாதவர் வெளியேறினால், வெளியேறிய மாதத்துக்கும் அதன் பின்னான ஆறு மாதங்களுக்கும் பணம் வரும். பிறகு நின்றுவிடும். திரும்பி வந்து மீண்டும் வசிக்கும்வரை தொடங்காது.

3.2 ஐம்பது வயதில் வந்தவர்

இந்த விதி யாரைத் தாக்குகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். மகனின் பொறுப்பில் 1995இல் ஐம்பது வயதில் கனடா வந்த ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். 2010இல் அறுபத்தைந்து. வசித்தது 15 ஆண்டுகள். ஓய்வூதியம் நாற்பதில் பதினைந்து, அதாவது 37.5 வீதம். வேறு வருமானம் இல்லாததால் அவருக்கு ஜிஐஎஸ் உதவியும் கிடைக்கிறது. 1967இல் தொடங்கிய இந்த உதவிக்கு ஒரு சிறப்பு உண்டு: பகுதி ஓய்வூதியம் பெறுபவருக்குக் குறைகிற தொகையையும் அது சேர்த்து நிரப்பிவிடுகிறது. எனவே கனடாவுக்குள் இருக்கும்வரை அந்தத் தாய், நாற்பது ஆண்டு வசித்த வறிய முதியவருக்கு இணையான தொகையையே பெறுகிறார்.

அவர் 2012இல் ஊருக்குத் திரும்புகிறார் என்றால், 17 ஆண்டுகளே ஆனதால் ஆறு மாதத்தில் இரண்டுமே நின்றுவிடும். 2015 வரை பொறுத்திருந்து இருபதாம் ஆண்டை நிறைவு செய்து புறப்பட்டால், ஓய்வூதியம் ஆயுள் முழுவதும் யாழ்ப்பாணத்துக்கே வரும். ஆனால் அது அந்த 37.5 வீதம் மட்டுமே. அறுபத்தைந்துக்குப் பின் வசித்த ஐந்து ஆண்டுகள் இருபதைத் தொட உதவுகின்றனவே தவிர, ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட பங்கைக் கூட்டுவதில்லை. ஜிஐஎஸ் எப்படியும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தொடராது. நாட்டுக்குள் முழுமையாக இருந்த வருமானம் வெளியே போனதும் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடுகிறது.

இருபது ஆண்டு விதி நியாயமானதல்ல என்பது என் கருத்து. வசித்த ஆண்டுக்கு ஏற்பத்தான் பங்கு என்று 1977 திருத்தம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. குறைவாக வசித்தவர் குறைவாகவே பெறுகிறார். அதற்குமேல் இன்னொரு வாசற்படியை வைப்பது ஒரே காரணத்துக்காக இரண்டு முறை கழிப்பது. பத்தொன்பது ஆண்டு வசித்தவர் வெளியே ஒரு சதமும் பெறமாட்டார், இருபது ஆண்டு வசித்தவர் நாற்பதில் இருபதை வாழ்நாள் முழுவதும் பெறுவார் என்பதற்கு எந்தக் கணக்கியல் காரணமும் இல்லை. இளமையில் குடியேறியவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் இது. போர் துரத்தி நடுவயதில் வந்தவரையும், பேரப்பிள்ளை பார்க்க வந்து அங்கேயே முதுமை எய்தியவரையும் அது கணக்கில் எடுக்கவில்லை.

சிபிபி இதற்கு நேர்மாறு. 1966இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒரு முறையாவது செல்லுபடியான சந்தா செலுத்தியிருந்தால் போதும். எந்த நாட்டில் வாழ்ந்தாலும், கனடிய வதிவிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிடைக்கும். அறுபது வயதிலேயே எடுக்கலாம். அறுபத்தைந்துக்கு முந்திய ஒவ்வொரு மாதத்துக்கும் 0.6 வீதம் குறையும். தாமதித்தால் மாதத்துக்கு 0.7 வீதம் கூடும், எழுபது வரை. தொழிற்சாலையில் முப்பது ஆண்டு நின்ற தந்தையின் சிபிபி அவரோடு சாவகச்சேரிக்கு வரும். வீட்டைப் பார்த்துக்கொண்ட தாய்க்குச் சொந்தமாக சிபிபி இராது. ஊர் திரும்பும் முடிவு பெரும்பாலும் கணவனின் ஆசையாகவும், அதன் பண இழப்பு மனைவியின் பெயரிலும் இருப்பதை இந்தக் கணக்கு வெளிச்சமாகக் காட்டுகிறது. குடும்பங்கள் இதை இருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

3.3 வசித்தல் வேறு, உடலால் இருத்தல் வேறு

கனடிய விதிமுறை, ஒருவர் தம் இல்லத்தை அமைத்து வழக்கமாக வாழும் இடத்தையே வசிப்பு என்கிறது. வீட்டுச் சாவியும் வங்கிக் கணக்கும் மட்டும் வசிப்பு ஆகிவிடாது. ஓராண்டுக்கு மேற்படாத தற்காலிகப் பயணம் வசிப்பை முறிக்காது. ஆனால் ஸ்காபரோ முகவரியை மகளின் வீட்டில் வைத்துவிட்டு ஆண்டில் பத்து மாதம் ஊரில் வாழ்ந்து, இரண்டு மாதம் மட்டும் வந்து போகிறவரின் உண்மையான இல்லம் எங்கே என்று கேட்டால், பதில் அவருக்குச் சாதகமாக இராது.

முன்பு இதை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை. 2018இல் சுங்கச் சட்டம் திருத்தப்பட்ட பின், நாட்டை விட்டு வெளியேறுவோரின் தகவலையும் எல்லை முகமை திரட்டுகிறது. முதியோர் ஓய்வூதியத்தை நிர்வகிக்கும் துறைக்கும் அது பயன்படுகிறது. கடவுச்சீட்டில் முத்திரை இல்லாததால் தெரியாது என்ற காலம் போய்விட்டது. தகுதியில்லாமல் பெற்ற ஜிஐஎஸ் தொகை திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். எழுபத்தைந்து வயதில் பல ஆண்டுகளின் தொகையைத் திருப்பிக் கேட்கும் கடிதம் எந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது. ஏழாம் மாதம் தொடங்குமுன் ஒரு தொலைபேசி அழைப்பில் அதைத் தவிர்க்கலாம்.

3.4 இந்தியாவுக்கு உடன்படிக்கை உண்டு, இலங்கைக்கு இல்லை

கனடா ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளோடு சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்திருக்கிறது. இந்தியாவோடு 2012 நவம்பரில் கையெழுத்தான உடன்படிக்கை 2015 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் பயன் பெரிது: இந்தியச் சட்டத்தின்கீழ் ஓய்வூதியத்துக்குச் சந்தா செலுத்திய காலத்தை, பத்தையும் இருபதையும் எட்டுவதற்காகக் கனடிய ஆண்டுகளோடு கூட்டிக்கொள்ளலாம். தொகை கூடாது, கனடாவில் வசித்த ஆண்டுகளுக்கான பங்கே கிடைக்கும். ஆனால் வாசற்படியைத் தாண்டிவிடலாம்.

ஒரே தெருவில் இரண்டு முதியவர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கோயம்புத்தூர் ஆலையில் இருபது ஆண்டு வேலை பார்த்து ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் சந்தா செலுத்தியவர். மற்றவர் யாழ்ப்பாணத்துப் பாடசாலையில் இருபது ஆண்டு படிப்பித்தவர். இருவரும் கனடாவில் 14 ஆண்டு வசித்திருக்கிறார்கள். முதலாமவர் தமது இந்திய ஆண்டுகளைச் சேர்த்து, தம் பங்கை எடுத்துக்கொண்டு கோவைக்குத் திரும்பலாம். இரண்டாமவரால் முடியாது. இலங்கைக்கும் கனடாவுக்கும் இடையே அப்படி ஓர் உடன்படிக்கை இல்லை. கனடாவில் இத்தனை பெரிய இலங்கைச் சமூகம் வாழ்ந்தும் இந்த வெற்றிடம் நிரப்பப்படாமல் இருப்பது வேதனை.

4. பிரித்தானியா: உறைந்த தொகை

பிரித்தானிய அரச ஓய்வூதியம் பங்களிப்பின் பேரில் வருவது. 2016 ஏப்ரல் 6க்குப் பின் ஓய்வூதிய வயதை எட்டுபவருக்குப் புதிய முறை: முழுத் தொகைக்குப் பொதுவாக 35 தகுதி ஆண்டுகள், எதையேனும் பெறக் குறைந்தது 10. குடியுரிமை கேட்கப்படுவதில்லை. உலகின் எந்த மூலையிலிருந்தும் பெறலாம். இதுவரை எல்லாம் நன்று.

சிக்கல் ஆண்டுதோறும் வரும் உயர்வில் இருக்கிறது. நாட்டுக்குள் இருப்பவருக்கு விலைவாசி, சம்பள உயர்வு, 2.5 வீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவு தொகை கூடுகிறது. ஐரோப்பியப் பொருளாதார வலயம், சுவிற்சர்லாந்து, அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், ஜமைக்கா, மொரிசியஸ் முதலிய நாடுகளில் வாழ்பவருக்கும் கூடுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்பவருக்குக் கூடுவதில்லை. மலேசியா, சிங்கப்பூர், கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகியவற்றிலும் அப்படியே. வெளிநாட்டில் முதன்முதலாகப் பெற்ற நாளில், அல்லது அங்கே குடிபெயர்ந்த நாளில் என்ன தொகையோ, அதிலேயே உறைந்துவிடும்.

எண்களைப் பார்த்தால் அதன் கொடுமை புரியும். 2016-17இல் முழுப் புதிய ஓய்வூதியம் வாரத்துக்கு 155.65 பவுண். அந்த ஆண்டிலேயே ஓய்வுபெற்று வவுனியாவுக்கோ மதுரைக்கோ போனவர் இன்றும் 155.65 பவுண்தான் பெறுகிறார். அவரோடு ஒரே நாளில் ஓய்வுபெற்று லண்டனிலேயே தங்கியவர் 2025-26இல் 230.25 பவுண் பெறுகிறார். வாரத்துக்கு 74.60 பவுண் வித்தியாசம். ஆண்டுக்கு 3,879 பவுணுக்கு மேல். இருவரும் ஒரே அளவு சந்தா செலுத்தியவர்கள். இந்த இடைவெளி இனி ஒவ்வோர் ஏப்ரலிலும் இன்னும் அகலும். வயது ஏறி வைத்தியச் செலவு கூடும் காலத்தில்தான் அது மிக அகலமாக இருக்கும்.

இதை எதிர்த்து வழக்கு நடந்தது. தென்னாபிரிக்காவில் வாழ்ந்த அனெற் கார்சன் பிரித்தானிய நீதிமன்றங்களில் தோற்று, வேறு பன்னிருவரோடு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2010 மார்ச் 16இல் அதன் பேரவை பதினொன்றுக்கு ஆறு என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நாட்டுக்குள் வாழ்பவரும் வெளியே வாழ்பவரும் ஒப்பிடத்தக்க நிலையில் இல்லை என்பது அதன் சாரம். சட்டத்தின் கண்ணில் அது முடிந்த விடயம். நியாயத்தின் கண்ணில் முடியவில்லை. பொருளாதாரக் காரணமே இதன் வேர்: உயர்வு கொடுத்தால் செலவு கூடும். எந்த நாட்டில் வாழ்பவருக்கு உயர்வு என்பதைப் பழைய இருதரப்பு ஒப்பந்தங்கள் தீர்மானிக்கின்றன. ஓய்வூதியரின் உழைப்பு தீர்மானிக்கவில்லை. அவுஸ்திரேலியா இதைக் கண்டித்து, பிரித்தானியாவோடு இருந்த சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையையே 2001 மார்ச் 1 முதல் முறித்துக்கொண்டது. இந்தியாவோ இலங்கையோ அந்த அளவுக்குக் குரல் எழுப்பியதில்லை.

ஒரு நடைமுறைக் குறிப்பு பயன்படும். பிரித்தானியாவுக்கு நிரந்தரமாகத் திரும்பினால் தொகை நடப்பு அளவுக்கு உயர்த்தப்படும். குறுகிய காலம் வந்து தங்கினாலும், தங்கும் நாட்களுக்கு மட்டும் உயர்ந்த தொகையைக் கோரலாம். புறப்பட்டதும் பழைய தொகைக்கு இறங்கும். பென்ஷன் கிரெடிட் உதவி தேவையின் பேரில் வருவதால், பொதுவாக நான்கு வாரத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு வாசத்தில் நின்றுவிடும்.

5. அவுஸ்திரேலியா: புறப்படும் வயதே தீர்மானிக்கும்

அவுஸ்திரேலியாவின் முதியோர் ஓய்வூதியம் 1908ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. அதற்குச் சந்தா இல்லை. வயது 67, மொத்தம் 10 ஆண்டு வசிப்பு, அதில் குறைந்தது ஐந்து தொடர்ச்சியாக, பிறகு வருமானச் சோதனையும் சொத்துச் சோதனையும். அங்கே வீடு வைத்துக்கொண்டு ஊரிலும் வீடும் காணியும் வைத்திருப்பவர், அந்த வெளிநாட்டுச் சொத்தையும் காட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மற்ற நாடுகளில் இல்லாத ஒரு நிபந்தனை இங்கே மிக முக்கியம்: விண்ணப்பிக்கும் நாளில் விண்ணப்பதாரர் நாட்டில் இருக்க வேண்டும், அங்கே வதிபவராகவும் இருக்க வேண்டும். உடன்படிக்கை உள்ள நாடுகளிலிருந்து விண்ணப்பிக்கலாம். இந்தியா அந்தப் பட்டியலில் உண்டு, இலங்கை இல்லை. எனவே அறுபது வயதில் ஊருக்குத் திரும்பிவிட்டவர் அறுபத்தேழு ஆனதும் யாழ்ப்பாணத்திலிருந்து விண்ணப்பிக்க முடியாது. திரும்பிச் சென்று உண்மையாகக் குடியமர வேண்டும். அப்படித் திரும்பி ஓய்வூதியம் பெற்றவர், மீளக் குடியமர்ந்து இரண்டு ஆண்டு நிறையுமுன் வெளியேறினால் ஓய்வூதியம் நின்றுவிடும். அறுபத்தேழு வரை பொறுத்து, ஓய்வூதியத்தைப் பெற்றுக்கொண்டு புறப்படுபவருக்கு இந்தத் தடை இல்லை. ஏழு ஆண்டு அவசரம் இரண்டு ஆண்டுக் காத்திருப்பாக மாறும்.

பெற்றுக்கொண்டு புறப்பட்ட பின் முதல் 26 வாரம் தொகை பெரும்பாலும் மாறாது; சில சிறு மேலதிகக் கொடுப்பனவுகள் ஆறு வாரத்திலேயே குறையும். 26 வாரத்துக்குப் பின், பதினாறு வயதிலிருந்து ஓய்வூதிய வயதுவரை அங்கே வசித்த ஆண்டுகளை 35ஆல் வகுத்து வரும் பங்கே கிடைக்கும். நாற்பத்திரண்டு வயதில் வந்து அறுபத்தேழில் ஓய்வூதியம் பெற்றவருக்கு முப்பத்தைந்தில் இருபத்தைந்து. வேலை செய்த ஆண்டு அல்ல, வசித்த ஆண்டே கணக்கு என்பதால் வீட்டிலிருந்த பெண்ணுக்கும் அதே பங்கு. இந்த ஒரு விடயத்தில் அவுஸ்திரேலியச் சட்டம் மற்றவற்றை விட மனிதத்தன்மை உள்ளது. பத்து ஆண்டுத் தகுதி தவிர வேறு வாசற்படி வைக்காமல் விகிதத்தை மட்டும் பார்ப்பதும் கனடாவுக்கு நல்ல பாடம்.

6. சுவிற்சர்லாந்தும் ஜேர்மனியும்: குடியுரிமையின் பங்கு

சுவிஸ் முதுமைக் காப்புறுதி 1948 முதல் நடக்கும் பங்களிப்புத் திட்டம். உடன்படிக்கை இல்லாத நாட்டின் குடிமகன் அந்த ஓய்வூதியத்தை சுவிற்சர்லாந்தில் வாழும்வரை மட்டுமே பெற முடியும். இலங்கையோடு உடன்படிக்கை இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு நிரந்தரமாக வெளியேறுபவர் தாம் செலுத்திய சந்தாவை வட்டியின்றித் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். அதோடு உரிமை தீர்ந்தது. அதே மனிதர் சுவிஸ் குடியுரிமை எடுத்திருந்தால் ஓய்வூதியம் எந்த நாட்டுக்கும் வரும். வறியவர்களுக்கான மேலதிகக் கொடுப்பனவு யாராக இருந்தாலும் நாட்டுக்கு வெளியே கிடையாது. முப்பது ஆண்டு உணவகச் சமையலறையில் நின்று, மொழித் தேர்வுக்கும் கட்டணத்துக்கும் பயந்து குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் இருக்கும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

ஜேர்மனியிலும் முன்பு இப்படி ஒரு பாகுபாடு இருந்தது. உடன்படிக்கை இல்லாத நாட்டினர் வெளியே வாழ்ந்தால் 70 வீதமே கிடைத்தது. 2013 ஒக்டோபர் முதல் அது நீக்கப்பட்டு முழுத் தொகை வழங்கப்படுகிறது. ஒரு பணக்கார நாடு இத்தகைய விதியை மாற்றினால் அதன் கருவூலம் கவிழ்ந்துவிடாது என்பதற்கு இது சான்று.

7. வதிவுரிமையைக் காத்தல்

ஓய்வூதியம் ஒருபுறம் இருக்க, திரும்பி வரும் உரிமை இன்னொரு கேள்வி. நோய் வந்தாலோ துணை இறந்தாலோ பிள்ளைகளிடம் திரும்ப வேண்டி வரும். அப்போது கதவு திறந்திருக்க வேண்டும். குடியுரிமை பெற்றவருக்கு இந்தக் கவலை இல்லை. பெறாதவருக்கு ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கனடிய நிரந்தர வதிவாளர் ஐந்து ஆண்டில் 730 நாட்கள் நாட்டில் இருக்க வேண்டும். பிரித்தானியாவின் காலவரையற்ற தங்கும் அனுமதி பொதுவாக இரண்டு ஆண்டு தொடர்ந்து வெளியே இருந்தால் அற்றுப்போகும். சுவிஸ் நிரந்தர அனுமதி ஆறு மாதத்தில் அற்றுப்போகும். முன்கூட்டியே விண்ணப்பித்தால் நான்கு ஆண்டுவரை காக்கலாம்.

அகதியாக வந்து, நிரந்தர வதிவுரிமையோடு நின்றுவிட்டவர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. கனடாவில் 2012 டிசம்பர் 15 முதல், எந்த நாட்டிடமிருந்து பாதுகாப்புத் தேடினாரோ அந்த நாட்டின் பாதுகாப்பை ஒருவர் தாமாக மீண்டும் நாடினார் என்று முடிவானால், அகதி நிலை மட்டுமல்ல, நிரந்தர வதிவுரிமையும் சேர்ந்தே பறிபோகும். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து அதில் ஊருக்குப் போய்த் தங்குவது இந்த நடவடிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படக்கூடும். குடியுரிமை எடுத்தவரை இது தொடாது. ஊரில் வீடு கட்டத் தொடங்குமுன் குடியுரிமைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். வயது, மொழி, செலவு என்று எந்தச் சாக்கும் இதற்கு ஈடாகாது.

ஊர்ப் பக்கத்திலும் அனுமதி வேண்டும். இலங்கையில் பிறந்தவர் 1987 திருத்தத்தின்படி இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு ஓசிஐ எனப்படும் வதிவுரிமை அட்டை உண்டு. இலங்கைத் தமிழர் ஒருவர் சென்னையில் முதுமையைக் கழிக்க விரும்பினால் அந்த அட்டை தானாகக் கிடைக்காது. இந்திய வம்சாவளியை ஆவணத்தோடு நிறுவ வேண்டும்.

8. வரியும் வைத்தியமும்

கனடாவை விட்டு வரி வதிவிடத்தை முறித்துக்கொண்டவரின் ஓய்வூதியத்தில் 25 வீதம் மூலத்திலேயே பிடிக்கப்படும். உடன்படிக்கை உள்ள நாட்டில் வாழ்பவருக்கு இது குறையலாம். இந்தியாவோடும் இலங்கையோடும் கனடாவுக்கு வரி உடன்படிக்கை உண்டு. வரி உடன்படிக்கை வேறு, சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை வேறு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். மறுபக்கத்தில், இந்தியாவில் ஓராண்டில் 182 நாட்கள், இலங்கையில் 183 நாட்கள் தங்கினால் அங்கே வரி வதிவாளர் ஆகிவிடுவீர்கள். வரி அலுவலகத்துக்கு "நான் வெளியேறிவிட்டேன்" என்றும் ஓய்வூதிய அலுவலகத்துக்கு "இங்கேதான் வசிக்கிறேன்" என்றும் எழுதுவது பெரும் ஆபத்து.

வைத்தியக் காப்பு எல்லாவற்றையும் விட வேகமாக அறும். ஒன்ராறியோவின் ஓஹிப் அட்டைக்கு எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாட்கள் மாகாணத்தில் உடலால் இருக்க வேண்டும். பிரித்தானியாவின் இலவச மருத்துவமனைச் சேவை அங்கே வழக்கமாக வதிபவருக்கு உரியது, கடவுச்சீட்டுக்கு உரியதல்ல. எழுபது வயதில் நீரிழிவும் இருதய நோயும் உள்ளவருக்கு ஊரில் தனியார் காப்புறுதி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். ஓய்வூதியக் கணக்குச் சரியாக வந்தும் இந்த ஒரு காரணத்துக்காகவே முடிவை மாற்ற வேண்டி வரலாம்.

9. உயிர்ச் சான்று

வெளிநாட்டில் வாழும் ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று அவ்வப்போது நிறுவ வேண்டும். பிரித்தானியா அஞ்சலில் படிவம் அனுப்பும்; சாட்சி கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நிறுத்தப்படும். பழைய முகவரியில் போய்க் கிடக்கும் படிவமே இதில் பெரும் இடர். எதிர்த்திசையில், இந்திய மத்திய அரசுப் பணியில் ஓய்வுபெற்றுப் பிள்ளைகளோடு வெளிநாட்டில் வாழ்பவர்கள் ஆண்டுதோறும் நவம்பரில் சான்று தர வேண்டும். எண்பது வயதைக் கடந்தவர்கள் ஒக்டோபர் முதலே தரலாம். 2014 நவம்பரில் தொடங்கிய ஜீவன் பிரமாண் மின்னணு முறை இதை எளிதாக்கியிருக்கிறது. இந்தியத் தூதரகங்களிலும் சான்று பெறலாம்.

10. செய்ய வேண்டியவை

தனி மனிதர் செய்யக்கூடியது: வசித்த ஆண்டுகளை ஆவணத்தோடு எண்ணுவது, கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியாகக் கணக்கிடுவது, வாசற்படி ஆண்டு நிறையும்வரை பொறுப்பது, குடியுரிமையை முதலில் முடிப்பது, வெளியேறும் நாளை உரிய அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவிப்பது. தெரிந்தவர் சொன்னதை நம்பி வீட்டை விற்காமல், ஓய்வூதிய அலுவலகத்திடமே எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

ஆனால் ஐம்பது வயதில் வந்த தாயின் இழப்பைத் தனி முயற்சியால் சரிசெய்ய முடியாது. அதற்கு அரசுகள் பேச வேண்டும். ரொறன்ரோவின் தமிழ் அமைப்புகளும் கனடிய நாடாளுமன்றத்திலுள்ள தமிழ் உறுப்பினர்களும் இலங்கையோடு ஒரு சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையை வெளிப்படையாகக் கோர வேண்டும். கொழும்புக்கும் இதில் இழப்பு இல்லை. ஒவ்வொரு மாதமும் நாட்டுக்குள் வரும் வெளிநாட்டுப் பணம் அது. லண்டனில் உள்ளவர்கள் உறைந்த ஓய்வூதியத்துக்கு எதிராகக் கனடிய, அவுஸ்திரேலிய முதியவர்கள் ஆண்டுக்கணக்காக நடத்திவரும் போராட்டத்தில் சேர வேண்டும். இந்த உடன்படிக்கைகள் கையெழுத்தாகி நடைமுறைக்கு வர ஆண்டுகள் பிடிக்கும். இந்தியாவுக்கும் கனடாவுக்கும் இடையிலானதற்கே கையெழுத்துக்குப் பின் கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் பிடித்தன. முதல் தலைமுறைக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. கோரிக்கையை இந்த ஆண்டே வையுங்கள்.